ஏழாம் மாடி, நூற்றிருபது லிட்டர்

மண்குழாய்க்குள் பதினொரு நாள்
பட்டினி கிடந்து விசிறிக்கொண்டிருந்தான்
மீசை முளைத்த தகப்பன்,
முதலில் முட்டைகளை, பிறகு குஞ்சுகளை.
பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றையும் வெளியே தள்ளினான்.
நாற்பத்தொன்று எண்ணினேன்.
மறுபடி எண்ணியபோது முப்பத்தொன்பது.
கண்ணாடியில் அப்பிய வாய்கள்.
ஆரஞ்சு வயிறு இன்னும் முழுதாய் வற்றவில்லை.

சக்கர் மீன் அழுக்கைத் தின்று தொட்டியைத் துடைத்து வைக்குமாம்,
டிராம் பணிமனையில் எல்லோரும் சொல்கிறார்கள்.
தொட்டி கழுவாதவர்கள் சொல்வது.
இவை தின்பதைவிடக் கழிப்பது அதிகம்.
வாரம் இருமுறை வாளி சுமக்கும்
என் தோளைக் கேளுங்கள்.

சிவப்புச் சிக்லிடை அனுப்பிவிட்டேன்.
அழகன்தான். பிறந்தநாளுக்கு
எனக்கு நானே வாங்கித் தந்தவன்.
ஆனால் மண்குழாய் வாசலில் அவன் நின்ற நிற்பு
கடன் வசூலிக்க வந்தவன் நிற்பு.
இப்போது பல் மருத்துவர் யார்மிலாவின் காத்திருப்பு அறையில்
ஏற்கெனவே பயந்தவர்களை முறைத்துக்கொண்டிருக்கிறான்.

நியான் டெட்ராக்கள் இருக்கட்டும்,
அவற்றுக்கு மேல்தண்ணீர் போதும்.
கோரிடோராஸ் ஆறும் இருக்கட்டும்,
மணலைக் கிளறுகின்றன, யார் மீதாவது இடித்தால்
மன்னிப்புக் கேட்டதுபோல ஒதுங்குகின்றன.
குஞ்சுகளோடு உறவில்லை. அவற்றைத் தின்பதுமில்லை.
அண்டை வீட்டாரிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்க்க?

கீழ்வீட்டு ஹினெக்
குடியிருப்புக் குழுவுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டார்.
‘ஏழாம் மாடியில் இரவு முழுக்க ஏதோ கொதிக்கிறது.’
காற்றுப் பம்பின் அடியில்
என் பழைய ஸ்வெட்டரை மடித்து வைத்தேன்.
மூன்றாவது கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

ஜனவரி. பூஜ்ஜியத்துக்குக் கீழே பதினாறு.
இரவு இரண்டுக்கு ஓஸ்ட்ராவாவின் எங்கள் பக்கம் முழுக்க
ஒரே சொடுக்கில் இருண்டது.
குமிழ்கள் நின்றன.
தொட்டிக்குப் போர்வை போர்த்தினேன். அதன்மேல் என் கோட்டு.
குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்,
பாலை ஆற்றுவதுபோல,
தொண்ணூறு எண்ணிக் கை மாற்றி,
மறுபடி தொண்ணூறு.

கதவைத் தட்டியது ஹினெக்.
பைஜாமா மேல் ரயில்வே கோட்டு, நெற்றியில் விளக்கு.
“சத்தம் நின்றுவிட்டது” என்றார்,
“விழிப்பு வந்துவிட்டது.”
கையில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பம்பு.
கிறிஸ்துமஸ் வரை குளியல் தொட்டியில்
கெண்டையை உயிரோடு வைத்திருக்க வாங்கியதாம்.
அந்தக் கெண்டை என்ன ஆனதென்று நான் கேட்கவில்லை.
உருளைக்கிழங்கு சாலட் என்று இருவருக்கும் தெரியும்.

“இதெல்லாம் எதற்கு?” என்று ஒருமுறை கேட்டார்.
“எதற்குமில்லை” என்றேன்.
பிறகு ஆறரை வரை தரையில் உட்கார்ந்திருந்தோம்.
வெளிச்சம் வந்தபின் முப்பத்தெட்டு.
மணலில் வெளுத்துக் கிடந்த ஒன்றின்மேல்
நத்தை அதற்குள் ஏறியிருந்தது.

பிப்ரவரியில்
ஐம்பத்துநான்கு லிட்டர் தொட்டிக்கான ரசீதைக் காட்டி
இரண்டு வாங்கிப்போனார்.
ஊறிய கட்டை போடுங்கள், வேறு முரட்டு மீன் வேண்டாம்,
சுக்கினித் துண்டைக் கரண்டியில் குத்தி அமிழ்த்துங்கள்,
விடிந்ததும் தோல்வளையம் மட்டும் மிஞ்சினால்
நலமாக இருக்கின்றன என்று பொருள்.

நான்காவது கடிதம் என் கதவிடுக்கிலேயே வந்தது.
‘பகல் முழுக்கக் கட்டைக்கடியில். ஒன்றும் தென்படவில்லை.’
கையெழுத்து, தேதி, வீட்டு எண்.
தாளைத் திருப்பி எழுதினேன்:
விளக்கை அணையுங்கள்.

நேற்று ஷிப்டு முடிந்து
இருட்டில் காலணி கழற்றும்போது கவனித்தேன்,
என் தரைக்கடியில் ஏதோ கொதிக்கிறது.