நான்கு வினாடி

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கூ கேட்டார்:
"இந்த வாரம் என்ன முடிந்தது?"
"ஒரு வரி" என்றேன்.
யாரோ இருமினார்கள்.

பாயான் லெப்பாஸில்
மருந்தேற்றும் பம்ப்புக்கு நிரல் எழுதுகிறேன்.
குழாய் அடைத்தால் அது கத்த வேண்டும்.
கத்தியது.
நோயாளி புரண்டு படுத்தாலும் கத்தியது.
கையை மடக்கி மூக்கைச் சொறிந்தாலும்.

போன செவ்வாய் இரவு
அனுமதி வாங்கிக்கொண்டு
ஜார்ஜ்டவுன் மருத்துவமனை வார்டு ஒன்றில்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
மடிக்கணினி பையைவிட்டு வெளியே வரவில்லை.
"சும்மா உட்காரவா வந்தீங்க?"
தாதி தவமலர் கேட்டார்.
சும்மாதான்.

விடியும்வரை முப்பத்தொரு அலறல்.
இரண்டு மெய்.
மிச்சமெல்லாம்
ஒரு முழங்கை மடங்கித் தானே நீளும் நேரம்.
எண்ணினேன்:
மூன்று. மூன்றரை. மறுபடி மூன்று.
தவமலர் ஓடினார், வந்தார், ஓடினார்.
மேசையில் அவருடைய கோப்பி
ஆடை கட்டிக் கிடந்தது.

நிதானமானவள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.
புதன்கிழமை
அந்த மூன்றரையை நினைத்துக்கொண்டே
குளுகோர் பன்னிரண்டாம் மாடியில்
மீன் குழம்பைத் தீய்த்தேன்.
சட்டியை ஊறவைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன்.
கடல் வற்றியிருந்தது.
சேற்றில் ஒரு கொக்கு
ஒரு காலை எடுத்தது,
வைக்க மறந்ததுபோல் நின்றது.
அது மறக்கவில்லை.

நான்கு வினாடி பொறு,
பிறகும் அழுத்தம் குறையாவிட்டால் கத்து.
இவ்வளவுதான் அந்த வரி.
எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
ஆனால் அந்த நான்குக்குள்
யாராவது போய்விட்டால்?
மருத்துவரிடம் கேட்டேன்.
இன்னொரு மருத்துவரிடம் கேட்டேன்.
வியாழன் முழுவதும்
என் விரலாலேயே குழாயைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன்.
நகக்கண் சிவந்துவிட்டது.

கூ கொஞ்ச நேரம் பேசவில்லை.
எத்தனை வினாடி என்று நான் எண்ணவில்லை,
எண்ணியிருக்கலாம்.
"சரி, அடுத்தது" என்றார்.

சோதனை, கையொப்பம், மறுபடி சோதனை.
ஐந்து மாதம் கழித்து ஒரு காலை
பசியாற உட்கார்ந்தபோது
தவமலரிடமிருந்து குறுஞ்செய்தி:
"நேத்து ராத்திரி கோப்பி சூடா குடிச்சேன்."

அதை நான்
எத்தனை முறை படித்தேனோ.
நிமிர்ந்தபோது
ரொட்டி விறைத்திருந்தது.
என் கோப்பி ஆறிப்போயிருந்தது.