ஆயுதம் என்றொரு கட்டம்

சாயல்குடி கால்நடை மருந்தகத்தில்
மேசை ஒன்றுதான்.
காலையில் அதன்மேல் கோழிகளுக்குக் கழிச்சல் ஊசி.
பிற்பகலில், தார்ப்பாயில் சுற்றி
வனக்காப்பாளர் நிறைகுளத்தான் கொண்டுவருகிற
புள்ளிமான்.

படிவத்தில் ஆயுதம் என்றொரு கட்டம்.

மாசியில் வந்தது துப்பாக்கி மான்.
நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து,
குண்டுக்குப் பதில் சைக்கிள் பால்ரசு.
இடுக்கியால் எடுத்து எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டேன்,
டிங், டிங் என்று பதினேழு.
தோள்பட்டை முறுக்குப் போல் நொறுங்கியிருந்தது.
இரைப்பையில் இன்னும் அசைபோடாத
சீமைக்கருவேலங்காய்.
அதற்குத் தெரிய நேரமிருந்திருக்காது
என்று எழுத இடமில்லை.

பங்குனியில் அம்பு மான்.
ஆறாம் விலாவுக்கும் ஏழாம் விலாவுக்கும் நடுவே
உண்டியல் வாய் அளவு கீறல்.
என் கத்தி இத்தனை சுத்தமாக வெட்டாது.
ஆனால் ஒரு நுரையீரலைத்தான் தொட்டிருக்கிறது.
மற்றதை வைத்துக்கொண்டு
நரிப்பையூர் ஓடைக்காட்டிலிருந்து
பனங்காட்டைத் தாண்டி, உப்போடையைத் தாண்டி,
மூக்கையூர்க் கடலில் வயிறு நனைய நின்றிருக்கிறது.
விடியலில் கரைவலை இழுக்க வந்தவர்கள்
முதலில் நாய் என்று நினைத்தார்களாம்.
குளம்பிடுக்கில் பாசி இருந்தது.

கையெழுத்துப் போடும் திங்கட்கிழமை
வனச்சரக அலுவலகத்து ஒரே பெஞ்சில் இரண்டு பேர்.
தவசீலன், குவைத்தில் எட்டு வருஷம் கிரேன் ஓட்டியவன்,
கப்பி வைத்த வில்லைப் போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தவன்:
"வில்லுல ஒரு நாயம் இருக்கு மேடம்.
இருபது கெஜத்துக்குள்ள போகணும்.
காத்தப் பாக்கணும், மூச்சப் புடிக்கணும்.
அதுக்கும் தப்பிக்க ஒரு வழி கெடைக்கும்.
தூரத்துல நின்னு சுடுறது கோழப்பய வேல."

பூமிராஜன் பீடியை அணைக்காமலே சிரித்தான்:
"நாயமாம்ல நாயம்.
கடல் மட்டும் ஓட வுட்டிருக்க.
என்னது நின்ன எடத்துல விழுந்துச்சு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
இரண்டையும் அறுத்துப் பார்த்தவள் நான்தானே.
மின்விசிறி சுற்றாததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிறைகுளத்தானுக்கு வேறு கணக்கு.
"வேட்டு போட்டா ஊரே எனக்குச் சாட்சி.
மயில் அகவும், உப்பளத்துப் பூநாரை கெளம்பும்,
இவனப் புடிக்க அர மணி நேரம்.
அவன் அம்பு விட்டப்போ
பக்கத்துல நின்ன மான்கூட
மேயிறத நிறுத்தியிருக்காது.
கடலு காட்டிக் குடுக்கலன்னா
இன்னும் எத்தனையோ."

சித்திரையில் உயிரோடு ஒன்று.
வாலிநோக்கம் உப்பளத்தில், நாய்கள் விரட்டி
சிமெண்டுத் தொட்டிக்குள் விழுந்த கலைமான்.
எவரையும் நெருங்கவிடாமல் கொம்பால் சுவரைக் குத்தியது.
மதுரையிலிருந்து ஜீப்பில் நீளப் பெட்டி வந்தது.
உள்ளே குழல், விசை, குறிமுள்.
குழலுக்குள் மயக்க ஊசி,
ஊசியின் வாலில் சிவப்புக் குஞ்சம்.
துப்பாக்கியில் வைத்து எய்யும் அம்பு.

காற்று கடல்பக்கமிருந்து.
மூச்சைப் பிடித்தேன்.
தவசீலன் சொன்னதையெல்லாம்
வரிசை மாறாமல் செய்தேன்.
தொடையில் குஞ்சம் ஆடியது.
மான் திரும்பி என்னைப் பார்த்தது.
இது வேறு ஊசி என்று
எந்தப் பாஷையில் அதற்குச் சொல்வது.

எட்டு நிமிஷத்தில் மடங்கியது.
நிறைகுளத்தானின் துண்டை நனைத்துக் கண்ணைக் கட்டினோம்.
காய்ச்சல் நூற்றியாறு.
மயங்கிய மான் பயத்தாலேயே சாவதுண்டு,
ஆயுதம் எதுவுமில்லாமல்.
வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம்.
ஆறு மணிக்குக் காது அசைந்தது.
எழுந்தது, விழுந்தது, எழுந்தது,
ஓடைமரங்களுக்குள் நொண்டிக்கொண்டே போனது.

மீட்புக்கும் அதே படிவம்தான்.
தனியாக அச்சடிக்கவில்லை.
அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
வெளியே, வயிறு உப்பிய ஆடு ஒன்று
முறை வரக் காத்திருந்தது.