நான்கு

கார்டிஃப். செவ்வாய் இரவு.
சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை.
கீழே மெஷின்கள் சுழலச் சுழல
நாற்காலிக் கால்கள் நடுங்குகின்றன.

பஸ் ஓட்டும் வர்சமே சொல்கிறான்:
டாக்டர் ஒரு தாளை நீட்டினார்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்
மனசு எவ்வளவு கனக்கிறது என்று.
நான்கைச் சுழித்தேன்.

ஏன் நான்கு?

இந்த உயரத்தில், இந்த நிறத்தில்
ஒருவன் ஒன்பது என்றால்
ஆம்புலன்சுக்கு முன்னால்
போலீஸ் வரும்.

செஹாய் சிரித்துவிட்டாள்.
பிரசவ வார்டில் பதினோரு வருஷம்,
வலிக்கு எண் கேட்பதே அவள் வேலை.
நானும் நான்குதான், என்றாள்.
மூன்று போட்டால் திருப்பி அனுப்புவார்கள்.
ஐந்து போட்டால் வேலைக்கு ஆபத்து.

எல்லோரும் சிரித்தோம்,
கண்ணைத் துடைக்கும் அளவுக்கு.

கீழே ஒரு மெஷின் நின்றது.
துணி யாருடையதோ, யாரும் எழவில்லை.
வர்சமே குல்லாவைக் கழற்றி
முழங்காலில் மாட்டினான்.

ஒன்பது, என்றான்.
சில நாள்
ஒன்பதரை.