ஒளிக்குச் சற்றுக் குறைவாக

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு
முக்கால் மணி நேரம்.
இரண்டு ஸ்கூட்டர்கள், ஒரே சாலை,
ஒரே இயற்பியல் துறையில்
இரண்டு கௌரவ விரிவுரையாளர்கள்:
நானும் ஆக்னசும்.

துறை அறையில் உட்கார்ந்தால்
எங்களுக்குள் ஆகாது.
பீரோ சாவி, மேசை மின்விசிறியின் திசை,
டஸ்டரை யார் தேய்த்துத் தீர்த்தது,
எதற்கும் முகம் திரும்பும்.
ஒரே மின்னூட்டம்.
கூலூம் விதிக்கு நாங்கள்தான் உதாரணம் என்று
லேப் அட்டெண்டர் ஷாஜகான் மலையாளத்தில் சொல்லிவிட்டு
தமிழிலும் ஒருமுறை சொல்வார்,
புரியாமல் போய்விடக் கூடாதே என்று.

ஓடும்போது வேறு கதை.
கோபாலபுரம் தாண்டியதும்
முதுகில் அறையும் கிழக்குக் காற்று.
அதில் பேச்சு காதில் விழவேண்டுமென்றால்
வண்டிகள் ஒரு முழத்துக்கு நெருங்க வேண்டும்.
நெருங்கும்.
கள் ஏற்றிய வேன் ஒன்று எதிரே வந்து
ஹாரன் அடித்துப் பிரிக்கும்வரை.

லாரித் தார்ப்பாயைக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த
சோதனைச் சாவடிக் காவலர் ஒருநாள் கேட்டார்,
"அக்கா தங்கச்சியா?"
இல்லை என்றோம்,
இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

அன்றைக்கு வகுப்பில் பெயர் சொல்லாமல்
அதைத்தான் வரைந்தேன்.
இணையாக ஓடும் இரண்டு எலக்ட்ரான் கற்றைகள்.
மின் விசை தள்ளும்.
ஓட்டத்தில் பிறந்த காந்த விசை இழுக்கும்.
நூறு வோல்ட்டில் இழுப்பது
தள்ளுவதில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு.
வேகம் ஏற ஏற இழுப்பும் ஏறும்.
ஒளியை எட்டப் போகையில்
ஏறக்குறையச் சமன்.
ஏறக்குறைய.
இழுப்பு ஜெயித்ததாக எந்தப் பாடநூலிலும் இல்லை.

வேலந்தாவளத்துப் பையன் எழுந்தான்:
"கற்றையோட கூடவே ஓடறவனுக்கு, மிஸ்?"
அவனுக்குக் காந்தமே கிடையாது,
தள்ளுவது மட்டும்தான் என்றேன்.
சாக்பீஸைக் கீழே வைத்த பிறகு உறைத்தது.
அவள் கணக்கில் நான் ஓடவேயில்லை,
என் கணக்கில் அவளும்.
பக்கத்தில் அசையாமல் ஒரு ஹெல்மெட்.
இழுப்பெல்லாம் சாவடிக்காரர் கண்ணுக்குத்தான்.
கற்றை விரியும் என்பதில் மட்டும்
எல்லோருக்கும் ஒரே விடை;
நின்று பார்ப்பவருக்கு
அது மெதுவாக விரியும், அவ்வளவுதான்.

ஜூனில் ஒரு பணியிடத்தைக் குறைத்தார்கள்.
பட்டியலில் பல்கீஸ் என்று இருந்தது.
ஆக்னஸ் பீரோ சாவியை என் மேசையில் வைத்தாள்.
மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள்.
அது கரிசனமா வசையா
இன்னும் விளங்கவில்லை.

இப்போது அவள் குடியிருப்பது
கொழிஞ்சாம்பாறையில், அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டில்.
வேலை பொள்ளாச்சிப் பக்கம், ஒரு பொறியியல் கல்லூரியில்.
காலை எட்டேகால் வாக்கில்
சாவடிக்கு அந்தண்டையோ இந்தண்டையோ
எதிரெதிரே கடக்கிறோம்.
எதிரெதிர்க் கற்றைகளுக்குச் சூத்திரத்தில் ஒரு குறி மாறும்,
கழித்தல் இருந்த இடத்தில் கூட்டல்.
மின்னும் தள்ளும், காந்தமும் தள்ளும்.

ஐந்து மாதம் அறுபதில் கடந்தோம்.

நேற்று மாட்டு லாரிகள் வரிசைகட்டி நின்றது
என் பக்கத்தில்தான்.
அவள் வழி காலி.
ஆனாலும் அந்த ஸ்கூட்டர் நாற்பதுக்கு இறங்கியது,
பிறகு இருபதுக்கு.
தலை திருப்பவில்லை. கை தூக்கவில்லை.

காந்தப் பங்கு, இரண்டு வேகங்களின் பெருக்கம்.
என் அறுபதோடு அவள் இருபது என்றால்
பழையதில் மூன்றில் ஒன்று.
நானும் இருபதுக்கு வந்தால் ஒன்பதில் ஒன்று.
குறைவது அந்தச் சின்ன விலக்கு மட்டும்,
பெரியது அப்படியே இருக்கும்.
இதை அவளும் நடத்தியிருக்கிறாள்,
எனக்கு முன்னால், மூன்று வருஷம்,
அதே கரும்பலகையில்.

இன்றைக்கு வரிசை இல்லை.
எட்டேகால்.
நான் ஆக்சிலேட்டரை விட்டேன்.