இப்போதைக்கு

மூன்றாம் புயல் எச்சரிக்கை விழுந்து ஒன்றரை மணி நேரம்.
எபேனில் அலுவலகக் கண்ணாடிகளெல்லாம் இருட்டிவிட்டன.
நான் ரோஸ் ஹில் வீட்டுச் சமையலறையில்,
சன்னலுக்குக் குறுக்கே டேப் ஒட்டிவிட்டு,
அடுப்பின் மேல் பலகை போட்டு
அதன் மேல் லேப்டாப்.

தொலைபேசியில் ஒருவர்.
சில்வேன் கர்ப்பனேன், ரிவியேர் நுவார்.
"உங்கள் தளத்தில் ஐந்து இடம் காலி என்று இருக்கிறது, மதாம்.
நான் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன்.
வாசலில் பூட்டு இருக்கிறது."
பின்னால் மழையோடு வேறு ஏதோ சத்தம்.
கோழி, என்றார். இரண்டு. கூடையில்.

டேட்டாபேஸை நேராகக் கேட்டேன்.
ஒளிக்காமல் சொன்னது:
இரண்டு பத்துக்கு மூடியாயிற்று,
கூரை ஒழுகல், எல்லோரும் தமரினுக்கு.

அப்படியானால் நடுவில் ஒருவன்.
கேட்டதையே மறுபடி கேட்டால்
உள்ளே போய் விசாரிக்காமல்
படியில் நின்றபடி பழைய பதிலை நீட்டுகிறவன்.
கேஷ் என்போம். காசு இல்லை,
காசை மிச்சம் பிடிக்க வந்தவன்.
நாங்களே வேலைக்கு வைத்தோம்.

பக்கத்தைப் புதுப்பித்தேன்: திறந்திருக்கிறது.
மறுபடி: பூட்டு.
மறுபடி: திறந்திருக்கிறது, ஐந்து இடம்.
பூட்டு.
இரண்டு சர்வர், ஆளுக்கொரு ஞாபகம்.
மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்ததில்
ஒன்று மட்டும் எல்லாவற்றையும் மறந்து
அதனால் சரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"மதாம், இருக்கிறீர்களா?"
இருக்கிறேன்.

கோப்பைத் திறந்தேன். இணைப்பின் பெயர் சரி,
போர்ட் சரி, கடவுச்சொல் வழக்கம்போல் நட்சத்திரங்கள்.
பதிலின் ஆயுள்: அறுபது விநாடி.
அறுபதா? அறுபதில் யாரும் பூட்டின் முன் நிற்கமாட்டார்கள்.

கோப்பில் இருப்பது வேறு, ஓடுவது வேறு.
இதைத் தெரிந்துகொள்ள
எனக்கு இரண்டு வேலை போயிருக்கிறது.
ஓடுகிறதையே பிடித்து நிறுத்திக் கேட்டேன்:
யாரோடு பேசுகிறாய்?
பதிலை எங்கே வைக்கிறாய்?
எத்தனை நேரம்?

எண்பத்தாறாயிரத்து நானூறு, என்றது.
ஒரு முழு நாள்.

எங்கிருந்து வந்தது?
கோப்புக்கு மேல் கோப்பு.
நேரலைக்கு மட்டுமென்று தனியாக ஒன்று,
யாரும் திறக்காதது,
அதில் பதினேழாம் வரி.
எண்ணுக்குப் பக்கத்தில் கிரியோலில் ஒரு குறிப்பு:
பூ லெமோமான். இப்போதைக்கு.
தே. மு., மார்ச் பதினொன்று.

தே. மு. நான்தான். தேவினா முத்தியேன்.

மார்ச்சில் தண்ணீர் வெட்டு அட்டவணையைப் பார்க்க
தீவே ஒரே நேரத்தில் வந்து விழுந்தது.
தளம் தவழ்ந்தது.
மிஸ்யே பெர்த்லோ மேசையருகே வந்து நின்று
எதுவும் பேசாமல் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.
ஒரு நாள் ஆயுள் கொடுத்தேன்.
தளம் எழுந்து ஓடியது.
அன்று மாலை எனக்கு ஒரு கேக் வாங்கினார்கள்,
அன்னாசி, மேலே என் பெயர் தப்பாக.

எண்ணை மாற்றினேன். இரண்டு சர்வரையும் எழுப்பினேன்.
புதுப்பித்தேன்: பூட்டு.
பூட்டு. பூட்டு. பூட்டு.
இத்தனை சந்தோஷமாக அந்தச் சொல்லை
நான் வாசித்ததில்லை. உடனே வெட்கமாக இருந்தது.

"மிஸ்யே கர்ப்பனேன், தமரின் போங்கள்.
அங்கே திறந்திருக்கிறது. இது நிஜம்."
"பஸ் இல்லையே."
தெரியும். மூன்றில் பஸ் நின்றுவிடும்.
"மச்சான் வேன் வைத்திருக்கிறான், கேட்கிறேன்," என்றார்,
என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.
அவருடைய அறுபதாவது விநாடி
எப்போதோ முடிந்திருந்தது.

பிறகு,
"கோழிகளை உள்ளே விடுவார்களா?"

அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன்.
இடம், கொள்ளளவு, கழிப்பறை, சக்கர நாற்காலிச் சாய்வு.
கோழிக்குக் கட்டம் இல்லை.
தெரியவில்லை, என்றேன்.
அன்றைக்கு அந்த ஒரு பதிலைத்தான்
எங்கும் சேமித்து வைக்காமல் சொன்னேன்.

லைன் போய்விட்டது. கரண்ட் ஒருமுறை இமைத்தது.
பதினேழாம் வரியில் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்.
குறிப்பு அப்படியே இருக்கிறது,
என் எழுத்தோடு.