ஆமை புகுந்த வீடு

ஓல்டனில் எங்கள் வாடகை ஒப்பந்தம்,
ஒன்பதாம் பிரிவு:
நாய் பூனை கூடாது. கிளி என்றால் கேட்டுச் செய்யவேண்டும்.
மூன்றாம் மாடியில், இஸ்திரிப்பெட்டிக்குப் பக்கத்தில்
திறந்த மடிக்கணினிக்குள்
நான் ஐந்து மிருகம் வளர்க்கிறேன்.

ஓநாய், கழுதைப்புலி, ஒரு நண்டு,
பேர் வைக்க மறந்த வௌவால்,
பிறகு ஆமை.

"உங்களுக்குப் புலிதானே அக்கா பொருந்தும்?"
ஹம் நகரத்திலிருந்து நிரோஜன் எழுதினான்.
பிறந்தது தொண்ணூற்றொன்பதில், அங்கேயே.
புலி வேகமாய்க் கடிக்கும்,
எனக்கு ஆறுதலாய்க் கடிக்கிறதுதான் சரி என்று எழுதினேன்.
புள்ளிவிபரமும் இணைத்தேன்.
அதற்குமேல் அந்தச் சொல்லை
இருவரும் தொடவில்லை.

குழுத்தலைவி மாயெல்,
லோசானில் பல்வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள்,
அட்டவணை அனுப்புவாள்:
ஓநாய் ஊளையிட்டால் எல்லார் அடியும் ஏறும்.
ஐம்பத்தொரு புள்ளியும் குறிபார்க்கும் கிளைக்கு.
மிருகத்தின் கிளையில் ஒன்றும் போடாதே,
அது அலங்காரம்.
கணக்குச் சரி.
நான் கணக்குத் தெரியாதவள் அல்ல.
ரயில்பெட்டி ஒன்றுக்குப் பதினொரு நிமிடம் என்று
துடைப்பத்துக்கு நேரம் பழக்கியவள்.

ஆனாலும் ஆமை.
அடி விழுந்தால் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும்,
விழுந்த அடி பாதியாகும்.
எவன் வந்தாலும் முதலில் அதனிடம்தான் போகவேண்டும்.
நான் தூரத்தில் நின்று எய்வேன்.
அப்படி ஒரு தூரம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்…"
திரையை எட்டிப் பார்த்த சிவகடாட்சம்
பாதியில் நிறுத்திவிட்டார்.
அமீனா போன மார்கழியிலேயே வந்துபோய்விட்டார்.
மரியாதையான மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தவர்.
தொலைக்காட்சியையும் கடைத் தராசையும் குறித்துக்கொண்டார்.
மடிக்கணினியைத் தூக்கிப் பார்த்து, பழசு என்று விட்டார்.
ஆக, இங்கே ஆமைக்குக்
கெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

வேட்டைக்காரருக்கு ஒரு வித்தை உண்டு:
செத்ததுபோல் விழுந்து கிடப்பது.
மிருகம் நம்பிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போகும்.
முப்பதாம் படியில் தானாக வரும், புள்ளி வேண்டாம்.
அமீனா முதல் தடவை மணியடித்தபோது
விறாந்தையில் நாங்கள் இருவரும் அப்படித்தான் கிடந்தோம்,
லைட்டை அணைத்து, மூச்சைப் பிடித்து.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் வாயைப் பொத்திய அவர் கை
வெங்காயம் மணத்தது.

நேற்று எரிமலைக் குகை, நாற்பது பேர்.
ஓநாயைக் கொண்டுவா என்று மாயெல் மூன்று தடவை சொன்னாள்.
முப்பத்தொன்பது பேரும் விழுந்தபின்
அரக்கன், ஆமை, நான்.
நாற்பது விநாடி அது ஓட்டுக்குள் நின்றது.
ஓடு வெடிக்கவில்லை.
எனக்குத்தான் அம்பு தீர்ந்தது.
அரக்கனுக்கு இரண்டு வீதம் உயிர் மிச்சம்.
யாரும் திட்டவில்லை, அது இன்னும் மோசம்.
நிரோஜன் மட்டும்:
"அக்கா, அம்பு வாங்குங்கோ."

இன்று வேலை முடிந்து வர நாலு நாற்பது.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிய புகார் கண்ணாடி முழுக்க.
பயிற்றுநருக்குப் பொற்காசு கொடுத்து
போட்ட புள்ளி எல்லாவற்றையும் திரும்ப வாங்கினேன்.
ஒவ்வொரு தடவையும் விலை ஏறும்;
மனம் மாறுவதற்கு அங்கேயும் வட்டி.

மூன்று மரமும் மொட்டை.
ஐம்பத்தொன்றும் கையில்,
கடன்காரர் எழும்ப முந்திய
சம்பளநாள் விடியல்போல.
கேத்தல் கொதித்து அணைந்தது.
இன்னும் ஒன்றும் போடவில்லை.

ஆமை பசியில் முகம் சிவந்து நிற்கிறது.
மரம் மொட்டையானது அதற்குத் தெரியாது.
பைக்குள் தேடி
ஒரு மீன் கொடுத்தேன்.