நாற்பத்தேழாம் கேமரா

இரவு பன்னிரண்டுக்கு மேல் இந்தத் தீவு
அறுபத்து நாலு சதுரங்களாகிவிடும்.
ஏசிக் குளிருக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு
நான் அதைக் காவல் காக்கிறேன்.
சூலியா தெருவில் கடைசி மீ கோரெங் வண்டி விளக்கை அணைக்கிறது.
வெல்ட் கீயில் ஒரு நாய்
யாரையோ நினைத்துக்கொண்டு நடக்கிறது.

ஃபைரூஸ் இழுப்பறையில் விட்டுப்போன நாவல்,
முதுகு உடைந்தது, அட்டையில் மைலோ கறை.
கோபுரம் ஒன்று ஆளும் ஊர்.
காலை மணி அடித்தால் எல்லோரும் ஒரே அளவு சிரிக்க வேண்டும்,
குறைத்துச் சிரித்தவன் மாலைக்குள் காணாமல் போவான்.
முந்நூறு பக்கம் தாண்டி ஒரு மெக்கானிக்
மணியின் நாக்கை அறுத்து எறிகிறான்.
கோபுரம் சாய்கிறது. ஜனங்கள் கட்டித் தழுவுகிறார்கள்.
முற்றும்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
கோபுரத்துச் சாவி இப்போது யார் பையில்?
எழுதியவர் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நாற்பத்தேழாம் கேமரா
ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வாசலைப் பார்க்கிறது.
ஏழாம் மாடியில் என் அக்கா பிலோமினா.
அம்மாவின் சங்கிலிக்காக மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை.
பேச்சுதான் இல்லை.
எத்தனை மணிக்கு வருகிறாள், யார் காரில் இறங்குகிறாள்,
எந்த ஞாயிறு பூசைக்குப் போகவில்லை,
எல்லாம் என்னிடம் இருக்கிறது.
ஒருநாள் மழையில் சாமான் பை கிழிந்து
வெங்காயம் உருள, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.
பெரிதாக்கிப் பார்த்தேன்,
அழுகிறாளா என்று.
அழ வேண்டும் என்று.

எந்த மணியும் அடிக்கவில்லை எனக்கு.
ஒரு நாற்காலி, ஒரு ஜாய்ஸ்டிக், கொஞ்சம் இருட்டு.
இவ்வளவு போதுமாயிருந்தது
நான் கோபுரமாக.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டேன்:
தின்னக்கூடாத மரம் என்றால்
சாமி வேலி போட்டிருக்கலாமே?
“மணி அடிச்சாச்சு, வரிசையா போங்க” என்றார்.

இப்போது வேலி போடுவதே என் பிழைப்பு.
அதனால்தான் இத்தனை தாமதமாய் உறைக்கிறது,
அந்தத் தோட்டத்தில் கேமரா இல்லை.
காவல் வந்தது பிறகு, எல்லாம் முடிந்த பிறகு.
முதலில் இருந்தது ஒரு மரமும் ஒரு சொல்லும்.
நம்பிக்கை என்றால் இப்படியா,
கை எட்டும் உயரத்திலா?
எந்த அரசாங்கம் இதற்கு டெண்டர் விடும்?

பார்வையும் இருந்தது. மறுக்கவில்லை.
முற்றத்து நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு
அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று
மூன்று தரம் சொன்னான் ஒருவன்.
சேவல் கூவியது.
பிடிபட்டவர் திரும்பி அவனைப் பார்த்தார்.
அந்தப் பார்வையின் மூலையில் தேதி நேரம் ஓடவில்லை.
யாரும் அதை ஆதாரமாய் எடுத்துப் போக முடியாது.
வெளியே போய் அழுதான்.
அந்த முற்றத்தில் கைதி யார் என்று
இன்றுவரை எனக்குக் குழப்பம்.

ஆறு மணிக்கு ஃபைரூஸ் வந்தான். புத்தகம் எப்படி என்றான்.
முடிவு சரியில்லை.
ஏன், எல்லாருக்கும்தான் விடுதலை கிடைத்துவிட்டதே?
ஆமாம், என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

என் நிறுத்தத்தில் நான் இறங்கவில்லை.

நாற்பத்தேழின் கீழே நிற்கிறேன்.
அண்ணாந்தால் கறுப்புக் குமிழுக்குள்
பல்லி முட்டை அளவு நான்.
ஃபைரூஸ் நெற்றியைச் சுருக்குவான், இவளுக்கு இங்கே என்ன வேலை?
கையில் ரொட்டி சானாய், நாலு. அவளுக்குப் பருப்பு மட்டும், சம்பல் ஆகாது.
சங்கிலியைப் பற்றிப் பேசப் போவதில்லை.
வெங்காயம் உருண்ட நாளை முதலில் சொல்ல வேண்டும்,
நான் பார்த்ததை, பெரிதாக்கியதை.
அவள் கதவைச் சாத்தலாம்.
சாத்த முடிகிற கதவு அது.

லிஃப்ட் ஏழிலேயே நிற்கிறது, கீழே வருவேனா என்கிறது.
படியேறுகிறேன்.
மூன்றாம் மாடிக்கு மேல்
கேமரா எட்டாது.